பில் கவுன்டரில் ‘நெட் போச்சு சார்’... சின்னக் கடைக்கும் ஆபீஸுக்கும் எந்த நெட்வொர்க் சரிப்படும்? முழு விளக்கம்

ஆடித் தள்ளுபடி நேரம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 6 மணி. இரண்டு மாடி ஜவுளிக்கடை ஒன்றின் பில் கவுன்டர் முன்னால் 30 பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று கவுன்டரிலும் ஸ்கிரீன் அப்படியே உறைந்து நிற்கிறது. “நெட் போச்சு சார், ரெண்டு நிமிஷம்” என்கிறார் கேஷியர். அந்த ரெண்டு நிமிஷம் இருபது நிமிஷமாக நீள்கிறது. எடுத்து வைத்த சேலையை மேஜையிலேயே விட்டுவிட்டு நாலு குடும்பம் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறது.

ஓனர் இன்டர்நெட் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு போன் போட்டுக் கத்திக்கொண்டிருக்கிறார். ஆனால் உண்மையில் நெட் போகவே இல்லை. மாடிப்படிக்கு அடியில் தூசி படிந்து கிடந்த ஒரு சின்னப் பெட்டியின் அடாப்டர் கழன்றிருந்தது. அவ்வளவுதான் விஷயம். மூன்று பில்லிங் கம்ப்யூட்டரையும் உள்ளே இருக்கும் மெயின் கம்ப்யூட்டரோடு இணைப்பது அந்தப் பெட்டிதான்.

இது கற்பனைக் கடை. ஆனால் இந்தக் குழப்பம் பல கடைகளில் நடப்பதுதான். நெட்வொர்க் என்றாலே ‘எத்தனை எம்பிபிஎஸ் பிளான் போடலாம்?’ என்ற கேள்வியில் ஆரம்பித்து அதிலேயே முடித்துவிடுகிறோம். மாசா மாசம் காசு அங்கே போகிறது. வியாபாரத்தை நிறுத்தும் கோளாறோ கடைக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அப்படியென்றால் எதைப் பார்த்து நெட்வொர்க்கைத் தேர்வு செய்வது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இன்டர்நெட் வேறு, நெட்வொர்க் வேறு

கடைக்குள் இருக்கும் கம்ப்யூட்டர், பிரின்டர், கேமரா எல்லாம் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளும் ஏற்பாடுதான் உள் நெட்வொர்க். இதை லேன் என்பார்கள். அந்தக் கடையை வெளி உலகத்தோடு இணைக்கும் கம்பிதான் இன்டர்நெட். வீட்டுக்குள் இருக்கும் குழாய் லைன் வேறு, தெருவிலிருந்து வரும் தண்ணீர் லைன் வேறு இல்லையா? அதே மாதிரிதான் இதுவும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது ரவுட்டர். லேனுக்குள் பல கருவிகளைக் கம்பியால் இணைக்கும் பெட்டிக்கு ஸ்விட்ச் என்று பெயர். லைட் போடும் ஸ்விட்ச் இல்லை இது. எட்டோ பதினாறோ துளைகள் உள்ள பெட்டி. கம்பி இல்லாமல் இணைப்பதற்கு வைஃபை ஆக்சஸ் பாயின்ட். இன்டர்நெட் கம்பெனிக்காரர் ஃபைபர் போடும்போது தரும் பெட்டியில் பெரும்பாலும் ரவுட்டர், சின்ன ஸ்விட்ச், வைஃபை எல்லாம் ஒரே டப்பாவுக்குள் இருக்கும். வீட்டுக்கு அது போதும். கடைக்குப் போதுமா என்பதுதான் கேள்வி.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: எது நின்றால் கடை நிற்கும்?

ஒரு பேப்பரை எடுத்து இரண்டு பட்டியல் போடுங்கள். நெட் இல்லாவிட்டாலும் நடக்க வேண்டிய வேலைகள் முதல் பட்டியல். நெட் இருந்தால் மட்டுமே நடக்கும் வேலைகள் இரண்டாவது பட்டியல்.

பில் போடுவது, பார்கோடு ஸ்கேன் செய்வது, ஸ்டாக் பார்ப்பது, பிரின்ட் எடுப்பது எல்லாம் முதல் பட்டியலில் வரலாம். சாஃப்ட்வேர் உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓடுகிறது என்றால் இதற்கு இன்டர்நெட் தேவையில்லை, லேன் மட்டும் சரியாக இருந்தால் போதும். இ-வே பில், இ-இன்வாய்ஸ், ஜிஎஸ்டி தாக்கல், பேங்க் வேலை எல்லாம் இரண்டாவது பட்டியல். பில்லிங்கே கிளவுடில் ஓடும் சாஃப்ட்வேர் என்றால் அதுவும் இரண்டாவது பட்டியலுக்குப் போய்விடும்.

இ-இன்வாய்ஸ் விஷயத்தில் ஒரு குறிப்பு. ஆண்டு வர்த்தகம் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் மற்ற நிறுவனங்களுக்கு விற்கும்போது இ-இன்வாய்ஸ் எடுப்பது 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயம். அதற்கான பதிவு எண் ஆன்லைனில்தான் கிடைக்கும். அதனால் மொத்த வியாபாரம் செய்பவருக்கு நெட் நின்றால் லோடும் நிற்கும். சில்லறைக் கடைக்காரருக்கு அந்தச் சிக்கல் இல்லை. இரண்டு பேரும் ஒரே தெருவில் இருந்தாலும் இரண்டு பேருக்கும் ஒரே நெட்வொர்க் சரிப்படாது.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: யுபிஐ பணம் வந்ததும் குரல் கொடுக்கும் சவுண்ட் பாக்ஸ் பலவற்றில் தனி சிம் இருக்கிறது. கார்டு ஸ்வைப் மெஷின் பலவும் அப்படித்தான். கடை நெட் போனாலும் அவை வேலை செய்யும். உங்கள் மெஷின் சிம்மில் ஓடுகிறதா, வைஃபையில் ஓடுகிறதா என்று இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை எம்பிபிஎஸ் வேண்டும்?

பலர் நினைப்பதைவிடக் குறைவாகவே தேவைப்படும். எம்பிபிஎஸ் என்பது மெகாபிட் கணக்கு. 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். அதனால் 100 எம்பிபிஎஸ் லைனில் அதிகபட்சமாக வினாடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும். யுபிஐ, இ-வே பில், மெயில் போன்றவற்றுக்கு அதில் ஒரு துளி போதும். லைனைத் தின்பது வீடியோ, பெரிய ஃபைல், கிளவுட் பேக்கப், வெளியிலிருந்து பார்க்கும் கேமரா ஆகியவைதான்.

பிளான் எடுக்கும்போது டவுன்லோடு வேகத்தோடு அப்லோடு வேகத்தையும் கேளுங்கள். கேமராவை வீட்டிலிருந்து பார்ப்பதும், பேக்கப் மேலே ஏறுவதும் அப்லோடு கணக்கில்தான் வரும். வேகத்தைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: லைன் அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார்?

ஃபைல் எங்கே இருக்கணும்? மூன்று வழிகள்

நெட்வொர்க் போடுவதன் முக்கியக் காரணமே ஒரே கணக்கைப் பல பேர் பார்க்க வேண்டும் என்பதுதான். அந்தக் கணக்கு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, ஒரு கம்ப்யூட்டரை மெயினாக வைத்து அதில் ஒரு ஃபோல்டரை மற்றவர்களுக்குத் திறந்துவிடுவது. நாலைந்து கம்ப்யூட்டர் உள்ள இடத்துக்கு இது போதும், செலவும் குறைவு. ஆனால் அந்த மெயின் கம்ப்யூட்டரில் யாரும் பாட்டுக் கேட்கக் கூடாது, பென்டிரைவ் செருகக் கூடாது, சாயங்காலம் சீக்கிரம் ஆஃப் செய்யக் கூடாது. அதை சர்வராக நினைத்து ஓரமாக வைக்க வேண்டும். சாதாரண விண்டோஸ் 10, 11 உள்ள கம்ப்யூட்டரின் ஃபைலை மற்ற 20 கருவிகள் வரைதான் பகிர்ந்துகொள்ளலாம் என்பது அதன் லைசென்ஸ் விதி.

இரண்டாவது வழி, இதற்கென்றே தனி சர்வரோ, நாஸ் எனப்படும் நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டியோ வைப்பது. பத்துப் பேருக்கு மேல் வேலை பார்க்கும் ஆபீஸ், பெரிய டிசைன் ஃபைல்கள் வைத்திருக்கும் பிரின்டிங் பிரஸ், ஆடிட்டர் ஆபீஸ் போன்ற இடங்களுக்கு இது பொருந்தும். யார் எந்த ஃபோல்டரைப் பார்க்கலாம் என்று ஆளுக்கு ஆள் பிரித்துக் கொடுக்கலாம். இரண்டு ஹார்டு டிஸ்க் போட்டால் ஒன்று செத்தாலும் மற்றது ஓடும்.

மூன்றாவது வழி கிளவுட். கடையில் எதையும் பராமரிக்க வேண்டாம், இரண்டு கிளை இருந்தாலும் ஒரே கணக்கு. ஆனால் நெட் நின்றால் வேலை நின்றுவிடும். இந்த வழிக்குப் போகிறவர்கள் இரண்டாவது இன்டர்நெட் லைனுக்கும் சேர்த்தே பட்ஜெட் போட வேண்டும்.

சாஃப்ட்வேர் லைசென்ஸையும் பார்க்க வேண்டும். உதாரணமாக டேலி பிரைமில் சில்வர் என்பது ஒரு கம்ப்யூட்டருக்கு. லேன் வழியாகப் பல கம்ப்யூட்டரில் பயன்படுத்த கோல்டு வேண்டும். லேன் முழுக்க இழுத்து முடித்த பிறகு இது தெரிந்தால் அது எதிர்பாராத செலவு.

வயரா, வைஃபையா?

இடம் மாறாத கருவிக்கு வயர், கையில் எடுத்துக்கொண்டு நடக்கும் கருவிக்கு வைஃபை. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பில்லிங் கம்ப்யூட்டர், மெயின் கம்ப்யூட்டர், நெட்வொர்க் பிரின்டர், கேமரா ரெக்கார்டர் எல்லாம் வயரில்தான் இருக்க வேண்டும். வைஃபை என்பது எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ளும் காற்று. பக்கத்துக் கடை வைஃபை, மேல்மாடி வைஃபை எல்லாம் அதே காற்றில்தான் ஓடுகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டி ஓரளவு தூரம் போகும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. பஜார் தெருவில் நாற்பது கடை இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் அதிகம், வேகமும் அதிகம். ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். இரும்பு ரேக்கும் கண்ணாடியும் நிறைந்த கடையில் இன்னும் சோரும்.

அதனால் மேல் மாடிக்கு சிக்னல் வரவில்லை என்றால், கீழே இருக்கும் வைஃபையை வாங்கி மறுபடி வீசும் எக்ஸ்டெண்டர் கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும். ஒரே அலையில் வாங்கி அதே அலையில் கொடுப்பதால் வேகம் பாதியாகக் குறையும். மேல் மாடிக்கு ஒரு கேபிள் இழுத்து அங்கே ஓர் ஆக்சஸ் பாயின்ட் மாட்டுவதுதான் நிலையான தீர்வு.

கேபிளில் மிச்சம் பிடிக்காதீர்கள்

கம்ப்யூட்டரை ஐந்தாறு வருடத்தில் மாற்றுவோம். சுவருக்குள் போன கேபிளை யாரும் சீக்கிரத்தில் மாற்றுவதில்லை. அதனால் அதில்தான் நல்லதாகப் போட வேண்டும்.

கேட்-5இ கேபிள் 1 ஜிபிபிஎஸ் வரை தாங்கும். கேட்-6 அதற்கு மேலும் தாங்கும், அதுவும் ஏறக்குறைய 55 மீட்டர் வரை 10 ஜிபிபிஎஸ். புதிதாக இழுப்பவர்கள் கேட்-6 போடுவது நல்லது. எந்தக் கேபிளாக இருந்தாலும் ஒரே இழுப்பில் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நடுவில் ஸ்விட்ச் வேண்டும்.

கடையில் விலை குறைவாகக் கிடைக்கும் சில கேபிள்களில் உள்ளே இருப்பது அலுமினியம், மேலே மட்டும் செம்பு முலாம். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பிளேடால் லேசாகச் சுரண்டினால் வெள்ளி நிறம் தெரியும். அது சீக்கிரம் ஒடியும், நீள ஓட்டத்தில் சிக்னல் சோரும், கேபிள் வழியாகவே கரன்ட் வாங்கும் கேமராவுக்குச் சூடாகும். “ஃபுல் காப்பர்” என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஸ்விட்ச் வாங்கும்போது கிகாபிட்டா என்று கேளுங்கள். 100 எம்பிபிஎஸ் மட்டுமே தாங்கும் பழைய வகையும் இன்னும் விற்கிறது. கேபிள் கிகாபிட், கம்ப்யூட்டர் கிகாபிட், நடுவில் இருக்கும் பெட்டி மட்டும் 100 என்றால் மொத்தமும் 100தான்.

தெருவுக்கு எதிர்ப்பக்கம் குடோன் இருந்தால் செம்புக் கேபிளை வெளியே தொங்கவிடாதீர்கள். இடி மின்னல் நேரத்தில் அந்தக் கேபிள் வழியாக வரும் அதிர்ச்சி இரண்டு பக்கக் கருவியையும் எரித்துவிடும். கட்டடம் விட்டுக் கட்டடம் போக ஃபைபரோ, கம்பியில்லா பிரிட்ஜோதான் சரி. தெருவைத் தாண்டுவதென்றால் அனுமதியும் தேவைப்படும்.

கேமராவை ஏன் பிரித்து வைக்கணும்?

நம் உதாரண ஜவுளிக்கடையில் 16 கேமரா என்று வைப்போம். ஒரு கேமராவுக்கு 4 எம்பிபிஎஸ் என்றாலும் 64 எம்பிபிஎஸ் ராத்திரி பகலாக ஓடிக்கொண்டே இருக்கும். 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச் ஒன்றின் வழியாக இந்த வீடியோவும் பில்லும் சேர்ந்து போனால் பில் திணறும்.

அதைவிடப் பெரிய காரணம் பாதுகாப்பு. 2016-ல் ‘மிராய்’ என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது. அது பிடித்தது பெரிய சர்வர்களை அல்ல. கம்பெனியில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமரா, ரெக்கார்டர், ரவுட்டர்களைத்தான் பிடித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று இப்படிப் பிடிபட்ட கருவிகளை வைத்து ‘டைன்’ என்ற இணைய நிறுவனத்தைத் தாக்கினார்கள். ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களே அமெரிக்காவில் பல மணி நேரம் தடுமாறின.

அதனால் கேமராவும் ரெக்கார்டரும் தனி ஸ்விட்ச்சில் இருக்கட்டும். இன்னும் சரியாகச் செய்ய விரும்பினால் விலேன். ஒரே பெட்டிக்குள் தனித்தனி அறை தடுத்தது மாதிரி நெட்வொர்க்கைப் பிரிக்கும் வசதி இது. இதற்கு மேனேஜ்டு வகை ஸ்விட்ச்சும், விலேன் தெரிந்த ரவுட்டரும் வேண்டும். எது எப்படி இருந்தாலும் கேமரா மாட்டிய அன்றே பழைய பாஸ்வேர்டை மாற்ற வேண்டும்.

கஸ்டமருக்கு வைஃபை கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் பில்லிங் ஓடும் அதே வைஃபையை அல்ல. சுவரில் பாஸ்வேர்டை ஒட்டி வைத்து, அதே நெட்வொர்க்கில் கணக்குக் கம்ப்யூட்டரும் இருந்தால், காபி குடிக்க வந்தவர் கைப்பெட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த மாதிரிதான்.

இப்போதைய ரவுட்டர்கள் பெரும்பாலானவற்றில் கெஸ்ட் நெட்வொர்க் என்ற வசதி இருக்கிறது. அதில் வருபவருக்கு இன்டர்நெட் மட்டும் கிடைக்கும், கடைக் கம்ப்யூட்டர் தெரியாது. ஊழியர்களின் சொந்த போனுக்கும் அதையே கொடுங்கள். கடையின் வைஃபைக்கு டபிள்யூபிஏ-2 அல்லது டபிள்யூபிஏ-3 பாதுகாப்பு இருக்க வேண்டும். பட்டனை அமுக்கினால் இணையும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடலாம். வேலையை விட்டு ஒருவர் போனால் பாஸ்வேர்டு மாற வேண்டும்.

இரண்டாவது லைன் வேண்டுமா?

இரண்டாவது பட்டியலில் கடையை நிறுத்தும் வேலை ஏதாவது இருந்தால் வேண்டும். ஆனால் இரண்டு கம்பெனியின் ஃபைபரும் ஒரே கம்பத்தில் தொங்கி வந்தால், லாரி ஒன்று உரசினால் இரண்டும் சேர்ந்தே அறுந்துவிடும். அதனால் முதல் லைன் ஃபைபர் என்றால் இரண்டாவது 4ஜி அல்லது 5ஜி சிம்மாக இருப்பது நல்லது. ஒன்று போனால் தானாக மற்றதுக்கு மாறும் டூயல் வேன் ரவுட்டர் கிடைக்கிறது. சின்னக் கடை என்றால் அதுவும் வேண்டாம். போனில் ஹாட்ஸ்பாட் போடுவது எப்படி என்று கேஷியருக்குத் தெரிந்திருந்தாலே அவசரத்துக்குப் போதும்.

கரன்ட் விஷயத்தை மறக்கக் கூடாது. கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் இருக்கும், ஃபைபர் பெட்டிக்கும் ஸ்விட்ச்சுக்கும் இருக்காது. கரன்ட் போனால் கம்ப்யூட்டர் ஓடும், ஆனால் எதோடும் பேசாது. இந்தப் பெட்டிகள் இழுக்கும் கரன்ட் மிகக் குறைவு. சின்ன யுபிஎஸ் ஒன்றே நீண்ட நேரம் தாங்கும்.

வீட்டிலிருந்து கடைக் கணக்கைப் பார்ப்பது ஆபத்தா?

எப்படிப் பார்க்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் வசதியை ரவுட்டரில் துளை போட்டு நேரடியாக இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடுவது பல இடங்களில் நடக்கிறது. 3389 என்ற அந்தப் போர்ட் எங்கெல்லாம் திறந்திருக்கிறது என்று ராத்திரி பகலாகத் தட்டிப் பார்க்கும் புரோகிராம்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. பாஸ்வேர்டு எளிதாக இருந்தால் உள்ளே வந்துவிடுவார்கள்.

விபிஎன் வழியாக வருவதுதான் பாதுகாப்பு. ரவுட்டர் வாங்கும்போதே விபிஎன் வசதி உண்டா என்று கேட்டுவிடுங்கள். ஆடிட்டருக்கோ சாஃப்ட்வேர் ஆளுக்கோ ஸ்கிரீனைக் காட்ட வேண்டுமானால், அந்த நேரத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்து வேலை முடிந்ததும் மூடுங்கள். “எப்பவும் ஓப்பனா இருக்கட்டும் சார், ஈசியா இருக்கும்” என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கணக்கு மொத்தமும் ஒரே ராத்திரியில் போகுமா?

போகும். 2017 மே 12 அன்று ‘வானாக்ரை’ என்ற ரான்சம்வேர் கிளம்பியது. சில நாட்களில் சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் அரசு ஆஸ்பத்திரிகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. நெட்வொர்க்கில் ஃபோல்டரைப் பகிர விண்டோஸ் பயன்படுத்தும் அதே வழியில்தான் அது ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததுக்குத் தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. அதைப் போடாமல் விட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

அதனால் ‘அப்டேட் பண்ணா ஸ்லோ ஆயிடும்’ என்று அணைத்து வைப்பது சரியில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் சேராமல் அதே விண்டோஸ் 10-ல் ஓடும் கம்ப்யூட்டர் கடையில் இருந்தால், மாற்ற வேண்டிய பட்டியலில் அதுதான் முதலில் வர வேண்டும்.

ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசி தேதியிலிருந்து 72 மாதம் பாதுகாத்து வைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் பூட்டிக்கொண்டது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அதற்குத்தான் 3-2-1 பேக்கப் முறை. மொத்தம் 3 பிரதி, 2 வேறு வேறு வகைச் சாதனத்தில், அதில் 1 கடைக்கு வெளியே. எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கை எப்போதும் செருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும். எடுத்ததும் கழற்றி வையுங்கள். மாதம் ஒரு முறை பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்து பார்க்கவும் வேண்டும். திறக்காத பேக்கப் இருந்தும் பயனில்லை. நாஸ் பெட்டியில் இரண்டு டிஸ்க் இருப்பது பேக்கப் ஆகாது. வைரஸ் வந்தால் இரண்டிலும் ஒன்றாகவே வரும்.

ஒருவேளை மாட்டிக்கொண்டால் முதலில் நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள், மற்ற கம்ப்யூட்டருக்குத் தாவாமல் இருக்கும். ஆன்லைனில் பணம் போனால் சைபர் குற்ற உதவி எண் 1930. நிறுவனங்கள் சைபர் தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற உத்தரவும் 2022-ல் வந்திருக்கிறது.

அப்படியென்றால் யாருக்கு எது?

1 முதல் 4 கம்ப்யூட்டர், ஒரே தளம்: இன்டர்நெட் கம்பெனியின் பெட்டி, ஒரு கிகாபிட் ஸ்விட்ச், எல்லாக் கம்ப்யூட்டருக்கும் வயர், கெஸ்ட் வைஃபை, சின்ன யுபிஎஸ், தினசரி பேக்கப். இதற்கு மேல் யாராவது விற்க வந்தால் ‘எதுக்கு?’ என்று கேளுங்கள்.

5 முதல் 15 கம்ப்யூட்டர், ஒன்றிரண்டு மாடி: சொந்தமாக ஒரு பிசினஸ் ரவுட்டர், மேனேஜ்டு ஸ்விட்ச், மாடிக்கு ஓர் ஆக்சஸ் பாயின்ட், கேமராவுக்குத் தனி விலேன், நாஸ் அல்லது தனி சர்வர், சிம் வழியாக இரண்டாவது லைன்.

இரண்டு கிளை அல்லது கடையும் குடோனும்: மேலே சொன்னதோடு இரண்டு இடத்துக்கும் விபிஎன், அல்லது கணக்கை கிளவுடுக்கு மாற்றுவது. இந்த அளவுக்கு வந்தால் மாதத்துக்கு ஒரு தடவையாவது வந்து பார்க்கும் ஆளோடு ஒப்பந்தம் போடுவது நல்லது.

கொட்டேஷன் வாங்கும்போது கேட்க வேண்டிய 7 கேள்விகள்

1. கேபிள் என்ன வகை, முழுச் செம்பா? இரண்டு முனையிலும் எண் ஒட்டித் தருவீர்களா?

2. நாளைக்கு இரண்டு கம்ப்யூட்டர் கூடினால் ஸ்விட்ச்சில் காலி இடம் இருக்குமா?

3. ரவுட்டர், ஸ்விட்ச், கேமரா அத்தனைக்கும் அட்மின் பாஸ்வேர்டு எங்கள் கையில் தருவீர்களா?

4. எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று ஒரு படம் வரைந்து தருவீர்களா?

5. பில் பிரின்டருக்கு நிரந்தர ஐபி முகவரி கொடுப்பீர்களா? அது மாறிக்கொண்டே இருந்தால்தான் காலையில் பிரின்டர் ‘ஆஃப்லைன்’ என்று காட்டும்.

6. எந்தெந்தப் பெட்டி யுபிஎஸ்ஸில் ஓடும்?

7. கோளாறு என்றால் யார் வருவார், எத்தனை மணி நேரத்தில்?

மூன்றாவது கேள்விக்கு ‘அது எங்ககிட்டயே இருக்கட்டும் சார்’ என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். பூட்டு உங்களுடையது என்றால் சாவியும் உங்களிடம் இருக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை

கூட்டம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். ஃபைபர் கேபிளைப் பெட்டியிலிருந்து பத்து நிமிஷம் கழற்றி வையுங்கள். பில் போட முடிகிறதா? அதை மாட்டிவிட்டு அடுத்து மெயின் கரன்ட்டை அணையுங்கள். எது எது உயிரோடு இருக்கிறது? பிறகு மெயின் கம்ப்யூட்டர் செத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, நேற்றைய கணக்கை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

மூன்றிலும் தேறினால் உங்கள் நெட்வொர்க் சரி, எத்தனை எம்பிபிஎஸ் பிளான் என்பது அதற்கு அப்புறம்தான். எதிலாவது தோற்றால், அடுத்த செலவை எங்கே செய்ய வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஆடி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கியூவில் 30 பேர் நிற்கும்போது தெரிவதைவிட, செவ்வாய்க்கிழமை மதியம் தெரிவது நல்லதுதானே?